முதல் இரண்டு வாரங்கள்

(புதிதாகக் கற்பித்தற் பணியை ஏற்கும் ஆசிரியைகளுக்கு, ஆசிரியத் தொழிலில் உள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது?" என்பதே புதிய ஆசிரியைகள் எங்களிடம் முதலில் கேட்கும் கேள்வி. "எப்படிப் பழக்குவது?" என்று கேட்பதே மேல் என்போம். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் 1970 இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்து எழுதினார். குழப்பம் எழுந்தபின் ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதால் வகுப்புகள் வேறுபடவில்லை. முன்கூட்டியே கவனித்ததாலும் பாடத்தைத் தடங்கலின்றி நடத்தியதாலுமே வேறுபட்டன. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பின்வாங்கில் நடப்பதை அறிந்திருக்கும் ஆசிரியைகளிடம் நாமெல்லோரும் படித்திருக்கிறோம் அல்லவா?

தரம் 6 பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஆரம்ப வகுப்பில் பெரும்பாலும் ஒரே ஆசிரியையுடன் இருந்தவர்கள். இப்போது மணி அடிக்கும்போதெல்லாம் புதிய முகம், புதிய எதிர்பார்ப்பு. ஒழுங்கு தெரியாமல் நிற்பதைக் குழப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொப்பிகளை எங்கே அடுக்குவது, ஐயத்தை எப்படிக் கேட்பது, வேலையை முன்னரே முடித்தவர் என்ன செய்வது என்பவற்றையும் பாடமாகவே கற்பியுங்கள். சொன்னால் மட்டும் போதாது. செய்து காட்டி, செய்வித்து, மறுநாளும் நினைவூட்டுங்கள். விதிகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். 40 நிமிடப் பாடவேளை ஒவ்வொன்றிலும் வகுப்பு அமைதியாவதற்கு 5 நிமிடம் போனால், 8 பாடவேளைகளில் ஒரு முழுப் பாடவேளையே போய்விடும். உள்ளே நுழைந்ததும் பலகையில் சிறிய கேள்வியொன்றை எழுதிவிடுங்கள். "சத்தம் போடாதே" என்று கத்துவதைவிட, கையில் ஒரு வேலை கொடுப்பது விரைவில் அமைதியைத் தரும்.

முதல் வாரத்திலேயே இருக்கை வரைபடம் ஒன்றைக் கீறி, பெயர்களை மனனம் செய்யுங்கள். பெயர் சொல்லி அழைக்கப்படும் பிள்ளைக்கு, தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்பது தெரியும். கேள்வி கேட்டபின் பொறுத்திருங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்றும், 3 செக்கனாவது காத்திருந்தால் விடைகள் நீளுகின்றன, வழமையாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் மேரி பட் றோ தமது ஆய்வுகளிற் கண்டார்.

இனி, எங்கள் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லவேண்டும். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 12/2016 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம், நாக்கை வைத்துவிட்டோமா? "உனக்கெல்லாம் படிப்பு எதற்கு?" என்று நாற்பது பேர் முன்னிலையில் கேட்கப்பட்ட பிள்ளை அன்று அமைதியாகத்தான் இருப்பாள். அடுத்த நாளும் இருப்பாள். பிறகு கை உயர்த்தவே மாட்டாள். அந்த அமைதியை ஒழுக்கம் என்று எண்ணி நாம் ஏமாறக் கூடாது. கண்டிக்க வேண்டியதை அருகிற் சென்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். செயலைக் கண்டியுங்கள், பிள்ளையை அல்ல.

பெண்கள் பாடசாலையில் இன்னொன்றும் உண்டு. வெளியே செல்ல அனுமதி கேட்கும் பிள்ளையை "இடைவேளைவரை பொறு" என்று நிறுத்துமுன் யோசியுங்கள். இந்த வயதில்தான் அநேகர் பெரியபிள்ளை ஆகிறார்கள். காரணத்தை எல்லோருக்கும் கேட்கச் சொல்லவேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது. வாய் திறவாமலே அனுமதி பெறுவதற்கு ஒரு சைகையை முதல் நாளே வகுப்புக்கு அறிவித்துவிடுங்கள்.

"முதலாம் தவணை முடியும்வரை சிரிக்காதே" என்று உங்களுக்கு யாராவது அறிவுரை கூறக்கூடும். நாங்கள் அதை ஏற்பதில்லை. உறுதியாக இருங்கள், சொன்னதைச் செய்யுங்கள், சிரிக்கவும் செய்யுங்கள். உறுதியும் கனிவும் ஒரே ஆசிரியையிடம் இருக்கக்கூடியவைதான்.

நூறு ஆண்டுகளாக இக்கல்லூரி அன்னையின் வகுப்பறைகளில் இடாப்புகள் வாசிக்கப்பட்டு வருகின்றன. இவ்வாண்டு இடாப்பு உங்கள் கையில். அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் ஒரு வீட்டின் நம்பிக்கை. உங்கள் பணி சிறக்க வாழ்த்துகிறோம்.