திருப்புகழிற் சொல்லும் இசையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாட்டுக்கு உயிர் சொல்லா, இசையா? இவ்வினா மேலைநாட்டிலும் எழுந்ததுண்டு. 14ஆம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டில் வாழ்ந்த மாஷோ என்பார் கவிஞர், இசைவல்லாரும் ஆவர். பல குரல்கள் வெவ்வேறு மெட்டில் ஒருங்கே ஒலிக்கும் பாடல்களை அவர் யாத்தார். அவற்றுட் சிலவற்றில் ஒரு குரல் ஒரு கவிதையையும், மற்றொரு குரல் வேறொரு கவிதையையும் ஒரே வேளையிற் பாடும். இசை சிறக்கும், சொல்லோ செவிக்கு எளிதில் எட்டாது. 1377இல் அவர் மறைந்தார். பின்னர்த் தெஷாம் என்னும் கவிஞர், கவிதை தானே ஓர் இசையாம் என்று 1392இல் ஒரு நூலில் எழுதினார்.

அக்கருத்துக்குத் தமிழிற் சிறந்த சான்று, 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் அருளிய திருப்புகழேயாம். மாஷோவின் மெட்டுகள் இசைக்குறியீட்டில் எழுதப்பெற்றமையால் இன்றும் உள்ளன. திருப்புகழின் பண்டை மெட்டுகளோ நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் அதன் தாளம் அழியவில்லை; சொல்லுக்குள்ளேயே அது பொதிந்து கிடந்தது. 'படு' என்பது 'தன'. 'பாடு' என்பது 'தான'. 'பட்டு' என்பது 'தத்த'. 'பந்து' என்பது 'தந்த'. குறிலும் நெடிலும், வல்லொற்றும் மெல்லொற்றும் இவ்வாறு சந்தமாகின்றன. முதலடியின் சந்தம் ஏனையடிகளிலும் பிறழாது வரும்.

வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1894இல் முதற்பகுதியை அச்சேற்றினார். இன்று 1,300க்கு மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன. தில்லியில் ஏ. எஸ். இராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இராகம் அமைத்து, தமிழகத்துக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்குக் கற்பித்தார். இராகம் புதிது; சந்தம் பழையதே.

ஒக்கலிபுரத்தில் வாழும் நாம் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். நம் மக்கள் பள்ளியிற் கன்னடமும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது நன்றே. ஆயின், திருப்புகழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுங்கால் 'படு'வும் 'பாடு'வும் ஒன்றாகிவிடுகின்றன. நெடில் குறுகினால் தாளமிடும் கை தடுமாறும், பொருளும் மாறும். மெட்டை இழந்தும் பிழைத்த பாட்டு, எழுத்தை இழந்தாற் பிழைத்திடுமோ?

ஆகவே, வாரத்தில் ஒரு மாலையேனும் நம் சிறாரை அருகிருத்தித் தமிழெழுத்தில் ஒரு பாடலைப் படிக்கச் செய்வோம். முதலிற் கைதட்டிச் சந்தத்தைச் சொல்லட்டும். அடுத்துச் சொல்லை ஓதட்டும். அதன்பின் இராகத்தைக் கற்கட்டும். இராகம் அறியாத தாய்தந்தையரும் இதனைச் செய்தல் கூடும்.