மின்கலத்தின் உள்வீடு

லித்தியம், சோடியம் என்னும் இரண்டு உலோகங்களைப் பற்றி இந்நாளில் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். லித்தியம் நம் நாட்டில் அரிது; சோடியமோ நாம் உண்ணும் உப்பிலேயே இருக்கிறது. ஆகவே, லித்தியத்தை நீக்கி அதன் இடத்தில் சோடியத்தை வைத்தால் மின்கலம் மலிந்துவிடாதா என்று கேட்பது இயல்பே. கேள்வி எளியது, விடை அத்துணை எளியதன்று. அந்த உலோகம் சென்று தங்கும் மின்வாய் எத்தகையது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

மின்கலத்தினுள் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என இரண்டு உண்டு. மின்னேற்றும்போது லித்திய அயனிகள் நேர்மின்வாயை விட்டு நீங்கி, இடையிலுள்ள திரவத்தைக் கடந்து, எதிர்மின்வாயில் சென்று தங்குகின்றன. கலத்தைப் பயன்படுத்தும்போது அவை பழைய இடத்திற்குத் திரும்புகின்றன. அவற்றிற்கு ஈடான எலெக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியே ஓடி விளக்கை எரிக்கின்றன, தொலைபேசியை இயக்குகின்றன. பிறந்தது ஓர் ஊர், பிழைப்பது ஓர் ஊர் என்று ஆண்டுதோறும் ரயிலேறிச் சென்று மீளும் நமக்கு இந்தப் போக்குவரவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், அயனிகளின் பயணம் ஆயிரக்கணக்கான முறை நிகழ்வது. ஒவ்வொரு முறையும் இரண்டு வீடுகளும் விரிசல் காணாமல் நிற்க வேண்டும்.

அரசாங்க மொழிபெயர்ப்பில் ஈடுபட்டுள்ள நாம் ‘மின்வாய்’ என்பதை நல்ல சொல்லாகவே கருதுகிறோம். ஆயினும் அச்சொல் வாயிலை மட்டுமே காட்டுகிறது; உள்ளிருக்கும் அறைகளைக் காட்டவில்லை. ஐம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருவது அவ்வறைகளையே.

1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம், டைட்டானியமும் கந்தகமும் சேர்ந்த பொருளின் அடுக்குகளுக்கிடையே லித்தியம் புகுந்து வெளிவரும் என்பதைப் பயன்படுத்தி மின்கலம் அமைத்தார். 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குடினஃப் குழுவினர் கோபால்ட் ஆக்சைடைக் கையாண்டு ஏறத்தாழ 4 வோல்ட் அழுத்தம் பெற்றனர். 1985-இல் ஜப்பானின் அகிரா யோஷினோ எதிர்மின்வாய்க்குப் பெட்ரோலியக் கரியைத் தேர்ந்தார். 1991-இல் இக்கலம் கடைக்கு வந்தது. இம்மூவருக்கும் 2019-இல் ரசாயனத்திற்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்போது 97 வயதாகியிருந்த குடினஃப் சார்பில் பரிசுரையை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டில் பிறந்து, சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, டெக்சாஸில் பேராசிரியராக விளங்கும் ஆறுமுகம் மந்திரம் அவர்கள்.

கோபால்ட் விலையுயர்ந்தது, உலகில் தோண்டப்படுவதில் பாதிக்குமேல் காங்கோ நாட்டிலிருந்தே வருகிறது. 1997-இல் குடினஃப் குழுவினர் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த நேர்மின்வாயை வெளியிட்டனர். இன்று பேருந்துகள் பலவும் கார்கள் பலவும் அதனைக் கொண்டே ஓடுகின்றன. குடியிருப்பவர் மாறவில்லை, வீடு மாறியது, விலை இறங்கியது, தீப்பற்றும் அபாயமும் குறைந்தது.

இனிச் சோடியத்திற்கு வருவோம். லித்தியத்துக்கு வீடான கிராபைட்டில், அதாவது பென்சில் கரியில், சோடியம் போதிய அளவு தங்குவதில்லை. சோடிய அயனி பருத்தது என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. அதனினும் பருத்த பொட்டாசியம் அதே கிராபைட்டில் இடம் பெறுகிறது. சோடியத்திற்கும் கிராபைட்டிற்கும் நிலையான சேர்க்கை அமைவதில்லை என்பதே உண்மை. 2000-ஆம் ஆண்டில் கனடாவில் ஸ்டீவன்ஸ், டான் என்னும் இருவர், குளுகோஸைக் காற்றின்றிச் சுட்டுப் பெற்ற வன்கரியில் சோடியம் நன்கு தங்குவதைக் கண்டனர். வன்கரியின் அடுக்குகள் ஒழுங்கின்றிக் கிடப்பவை. நடுவே நுண்துளைகள் உண்டு. தேங்காய்க் கொட்டாங்கச்சியிலிருந்தும் இக்கரியைச் செய்யலாம்.

நேர்மின்வாய்க்கு இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றின் ஆக்சைடுகளையும், பாஸ்பேட்டுகளையும், பிரஷ்ய நீலம் என்னும் பழைய சாயப்பொருளின் இனத்தையும் ஆராய்கின்றனர். ஒவ்வொன்றிலும் ஒரு குறை உண்டு. அடுக்கு ஆக்சைடுகள் பல, காற்றின் ஈரத்தால் கெடுகின்றன. பிரஷ்ய நீலத்தின் உள்ளே நீர் ஒட்டிக்கொள்கிறது; அதனை முற்றிலும் நீக்குதல் கடினம்.

எடையிலும் வேறுபாடு உண்டு. லித்தியக் கலங்களுள் சிறந்தவை கிலோவுக்கு 250 வாட்-மணிக்கு மேல் தேக்குகின்றன. சோடியக் கலங்கள் ஏறத்தாழ 100 முதல் 175 வரையே தேக்குகின்றன. ஆதலின், சட்டைப்பையில் வைக்கும் தொலைபேசிக்குச் சோடியம் ஏற்றதன்று. ஆனால், பகலில் சூரிய ஒளியால் பெற்ற மின்சாரத்தை இரவுக்குத் தேக்கும் நிலையங்களுக்கு எடை ஒரு பொருட்டன்று. விலையும் ஆயுளுமே முக்கியம். சோடியக் கலத்தில் செம்புத் தகட்டிற்குப் பதிலாக இருபுறமும் அலுமினியத் தகட்டையே வைக்கலாம் என்பதும் ஒரு சிக்கனம்.

நம் நாட்டிற்கு இதில் என்ன பங்கு? கச்சிலும் தூத்துக்குடியிலும் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உப்பிலிருந்து சலவைச் சோடாவும், அதிலிருந்து மின்கலத்திற்கு வேண்டிய சோடியச் சேர்மங்களும் செய்யலாம். அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மின்கல ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ளது. பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தார், பாஸ்பேட் வகை எதிர்மின்வாய் ஒன்றைக் கொண்டு, ஆறே நிமிடங்களில் 80 சதவீதம் மின்னேறும் சோடியக் கலத்தை அமைத்ததாக 2025-இல் அறிவித்தனர். ஆய்வுக்கூடத்தில் வென்றது தொழிற்சாலையில் வெல்வதற்கு இன்னும் பல படிகள் உண்டு.

தில்லித் தெருக்களில் மின்சார ரிக்‌ஷா ஓட்டுவோர் பலர், இன்றும் ஈயக் கலங்களையே நம்பியிருக்கின்றனர். அவை விரைவில் தேய்வன. பழையவற்றை முறையின்றி உருக்கும் இடங்களில் ஈயம் குழந்தைகளின் உடலில் ஏறி அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. மலிவான நல்ல சோடியக் கலம் வருமாயின், முதற்பயன் அத்தகையோருக்கே கிட்டுதல் வேண்டும்.

உப்பு நம்மிடம் இருப்பதனாலேயே மின்கலம் நம்முடையதாகிவிடாது. மின்வாய்ப் பொருளைச் செய்யும் முறையையும் நாம் கற்றாக வேண்டும். கற்காவிடில் உப்பை விற்றுக் கலத்தை வாங்கும் நிலையே நீடிக்கும். எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், நம் இல்லங்களில் ரசாயனம் பயிலும் பிள்ளைகள் இருப்பின், இத்துறையைப் பற்றி அவர்களிடம் எடுத்துச் சொல்லுவோமாக.