ஆச்சியின் செம்மண் துவரை

சங்கரன்கோவிலில் ஜீவித்திருந்த எங்கள் ஆச்சியை நினைக்கும்தோறும், புதுத் துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, ஓர் இரவு குவித்து வைத்து, மறுநாள் வெயிலில் பரப்பி, காக்கை விரட்ட என்னை உட்கார்த்திவிடும் அந்த அதிகாரந்தான் முதலில் ஞாபகம் வருகிறது. செம்மண் கட்டிய துவரையை வண்டு எளிதில் துளைக்காது. திருகையில் இட்டால் தோலும் சுலபமாகக் கழன்றுவிடும். ஆம், மண்பூச்சுத்தான் காவல். 'மண்ணையா தின்பது?' என்று பரிகசித்த பட்டணத்து மருமகளிடம் ஆச்சி விவாதம் ஏதும் செய்யவில்லை. அந்தப் பருப்பைக் கடைந்து, நெய்யும் விட்டு, பிரசாதம்போல் பரிமாறினாள். மறுசோறு முதலில் கேட்டவள் அம்மருமகளே. அத்தகைய பருப்பு தென்மாவட்டக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. வாங்கினால், இரண்டு தண்ணீர் கூடுதலாக விட்டு அலசிக்கொள்ளுங்கள்.