ஷீ-ரா யாருக்குச் சொந்தம்?

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு கார்ட்டூன் நாயகியின் புதிய படங்கள் வெளியாயின. ஷீ-ரா என்பது அவள் பெயர். 1985இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிறந்தவள். கையில் மந்திர வாள், ஏறிப் பறக்கச் சிறகுள்ள குதிரை. புதிய படங்களிலும் வாள் இருந்தது, குதிரையும் இருந்தது. ஆனால் பழைய ஷீ-ராவின் பொம்மைக்கடை உடல்வாகு போய், ஓடவும் சண்டை போடவும் தோதான உடையில் ஒரு பதின்வயதுப் பெண் நின்றாள். அவ்வளவுதான், இணையத்தில் ஒரே கூச்சல். அழகு போய்விட்டது, பையனைப் போல இருக்கிறாள் என்று குறைப்பட்டவர்களில் பலர் வளர்ந்த ஆண்கள். தொடரோ பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டது. பழைய கார்ட்டூனை மறுபடி எடுக்கும்போதெல்லாம் எழுகிற வழக்கு இது: அந்தக் கதை முன்பு பார்த்தவர்களுக்குச் சொந்தமா, இனிமேல் பார்க்கப்போகிறவர்களுக்கா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுபடி எடுப்பவர் பழைய கதையின் தோற்றத்துக்குக் கடன்பட்டவர் இல்லை. பழைய கதை தொட்டுவிட்டு, சொல்ல வசதியில்லாமல் விட்டுப்போன விஷயம் ஒன்று இருக்குமானால், அதற்குத்தான் அவர் கடன்பட்டவர்.

வசதியில்லாமல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஷீ-ராவின் கதை பொம்மை வியாபாரத்தில் தொடங்குகிறது. மேட்டல் நிறுவனம் 1982இல் ஹீ-மேன் பொம்மைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஃபில்மேஷன் நிறுவனம் தயாரித்த ஹீ-மேன் தொடர் ஒளிபரப்பானது. இதே மேட்டலின் ஹாட் வீல்ஸ் கார்களை வைத்து 1969இல் ஒரு கார்ட்டூன் வந்தபோது, இது நிகழ்ச்சியா விளம்பரமா என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் குறுக்கே நின்றது. எண்பதுகளில் அந்தக் கெடுபிடி தளர்ந்தது, கதவு திறந்தது. பெண் குழந்தைகளுக்கும் பொம்மை விற்க வேண்டுமென்று ஹீ-மேனுக்கு இரட்டைப் பிறவித் தங்கையாக வந்தவள்தான் ஷீ-ரா. பொம்மைக்குச் சீவி விடக்கூடிய நீளமான கூந்தல். இத்தகைய தொடர்களை ஊருக்கு ஊர் இருந்த தொலைக்காட்சி நிலையங்களுக்குத் தனித்தனியே விற்றார்கள். வாரம் ஐந்து நாள், பதின்மூன்று வாரம் என்ற கணக்கில் 65 அத்தியாயங்கள் ஒரு கட்டு. எந்த அத்தியாயத்தை எந்த நாளில் பார்த்தாலும் பிள்ளைக்குப் புரிய வேண்டும். ஆகவே இன்று நடந்தது நாளைக்குத் தொடரக் கூடாது. வில்லன் தோற்றுத் தப்பி ஓடுவான். மறுநாள் எதுவுமே நடக்காததுபோல் வந்து நிற்பான். யாரும் திருந்த முடியாது, யாரும் நிரந்தரமாகக் கெட்டுப்போகவும் முடியாது. கதைக்குள் ஒருவர் மாற வழியில்லாததால், நீதியைக் கதைக்கு வெளியே ஒட்டவைக்க வேண்டியிருந்தது. ஷீ-ராவில் லூ-கீ என்ற குட்டி உருவம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் எங்காவது ஒளிந்திருக்கும். முடிவில் எதிரே வந்து, என்னைக் கண்டுபிடித்தாயா என்று கேட்டுவிட்டு ஒரு நற்புத்தி சொல்லும். அதைத் தேடுவது பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு, அதை நான் குறைசொல்லவில்லை. புத்திமதிதான் மருந்துச்சீட்டு மாதிரி இருக்கும்.

இத்தனை நெருக்கடிக்குள்ளும் அந்தப் பழைய ஷீ-ராவின் தொடக்கத்தில் ஓர் அசாதாரணமான கரு இருந்தது. அடோரா என்ற அந்தப் பெண்ணைக் குழந்தையாக இருக்கும்போதே கொடுங்கோலன் ஹார்டாக் கடத்திச் சென்று, தன் படையிலேயே வளர்த்து, தளபதியும் ஆக்கிவிடுகிறான். நாயகி எதிரியின் படையில், அது நல்ல படை என்று நம்பிக்கொண்டு இருக்கிறாள்! ஹீ-மேனுக்கு இப்படியொரு சிக்கல் கிடையவே கிடையாது. அவன் அரண்மனையில் பிறந்து அரண்மனைக்காகவே சண்டை போடுபவன். ஆனால் பழைய கதை இந்தக் கருவை என்ன செய்தது? நிழல் நெய்பவள் என்று பொருள்படும் பெயருள்ள ஒரு சூனியக்காரி அடோராவை மந்திரத்தால் கட்டிவைத்திருந்தாள் என்று சொல்லிவிட்டது. கட்டு அவிழ்ந்தது, அடோரா கட்சி மாறினாள், வாளை உயர்த்தினாள், முடிந்தது. மந்திரம் என்று சொன்னபின் அவள்மேல் குற்றமும் இல்லை, கேள்வியும் இல்லை.

என்.டி. ஸ்டீவன்சன் உருவாக்கத்தில் ட்ரீம்வொர்க்ஸ் தயாரித்து 2018 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த புதிய தொடர் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான். அதில் அடோராவை யாரும் மந்திரத்தால் கட்டவில்லை. சொல்லிக்கொடுத்ததை நம்பி வளர்ந்தாள், நன்றாகப் படித்தாள், பதவி உயர்வும் பெற்றாள். தன் படை ஒரு கிராமத்தைத் தாக்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விலகினாள். அப்போது எதிரில் நிற்பவள் கேட்ரா, கூடவே வளர்ந்த உயிர்த்தோழி. அவளும் அதே பொய்களைக் கேட்டு வளர்ந்தவள்; ஆனால் அவளுக்குப் படையின் கொடுமை புதுச்செய்தி இல்லை. தோழி தன்னை விட்டுப் போகிறாள் என்பதே பெரிய காயம். இருவரையும் வளர்த்த சூனியக்காரி ஒருத்தியைத் தூக்கிவைத்து, இன்னொருத்தியை எப்போதும் மட்டம் தட்டியிருக்கிறாள். பழைய தொடரில் சிறுத்தையாக மாறும் வில்லியாக மட்டும் இருந்த கேட்ரா, இங்கே பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரகம்: வீட்டில் ஒப்பிட்டு ஒப்பிட்டு வளர்க்கப்பட்ட இரண்டாவது பிள்ளை. மூன்றாம் பருவத்தின் முடிவில், தோற்பதைவிட உலகம் அழிந்தாலும் சரி என்று அவள் ஒரு நெம்புகோலை இழுக்கிறாள். அதை நிறுத்தப் போன அரசி ஏஞ்செல்லா, இளவரசி கிளிம்மரின் தாய், திரும்பி வருவதில்லை. அடுத்த அத்தியாயத்திலும் இல்லை, தொடர் முடியும்வரையும் இல்லை. செய்த காரியத்துக்குப் பின்விளைவு உண்டு என்பதைச் சொல்ல இங்கே லூ-கீ தேவைப்படவில்லை.

இன்றைய அரசியலைப் பிள்ளைகளின் கதையில் திணிக்கிறார்கள் என்பது எதிர்த்தரப்பு வாதங்களில் சத்தமானது. இளவரசிகளை விதவிதமான நிறத்திலும் உடல்வாகிலும் வரைந்தது, 2020 மே மாதம் வந்த இறுதிப் பருவத்தில் அடோராவும் கேட்ராவும் ஒருவரையொருவர் காதலிப்பதாக முடித்தது, இரண்டும் அதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. திணிப்பா இல்லையா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? முதல் அத்தியாயத்திலிருந்து ஐந்து பருவங்களையும் இழுத்துச்சென்ற பிரிவு அந்த இருவருடையது. அது ஒரு முடிவுக்கு வராமல் கதை முடிய வழியில்லை. இளவரசன் இளவரசியை மணந்தான் என்று நூற்றாண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்ததைக் காதல் திணிப்பு என்று எவரும் சொன்னதில்லை. கூடவே, பழைய ஷீ-ராவின் ஒல்லி இடுப்பு ஏதோ அரசியலற்ற இயற்கை என்பதும் சரியில்லை. அதை வரைந்தது பொம்மை விற்பனை.

அப்படியென்றால் புதிதாகவே ஒரு கதை எழுதக்கூடாதா, எதற்குப் பழைய பெயர் என்று கேட்பவர்களிடம் எனக்குப் பாதி உடன்பாடு. தெரிந்த பெயருக்குத்தான் பணம் கிடைக்கிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிற தொடர்கள் நிறைய. ஷீ-ரா அந்த வகையில் சேராது, ஏனென்றால் எதிரியின் படையில் வளர்ந்த நாயகி என்ற கரு அந்தப் பெயரோடு வந்த சொத்து. இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பழைய தொடர்கள் விளம்பரத்தைக் காட்டினாலும் வான்வழி இலவசமாக வந்தன. புதிய ஷீ-ராவின் 52 அத்தியாயங்களும் சந்தா கட்டிய வீட்டுக்குள்தான் வந்தன. தொடர்கதையாக எடுக்கும் சுதந்திரத்தைத் தந்தது அந்தச் சந்தாமுறைதான். ஆனால் நடுவில் வந்து உட்காரும் பிள்ளைக்கும் சந்தா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அதில் இடமில்லை. இந்த நஷ்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

பழைய ரசிகர்களையும் திருப்திப்படுத்திவிட்டால் என்ன என்பது கடைசி வாதம். அதற்கும் ஒரு பரீட்சை நடந்தாயிற்று. 2021இல் நெட்ஃபிளிக்ஸ் சில வார இடைவெளியில் இரண்டு ஹீ-மேன் தொடர்களை வெளியிட்டது. ஜூலையில் வந்தது கெவின் ஸ்மித் பொறுப்பில், 1983 தொடரின் தொடர்ச்சியாக, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கென்றே எடுத்தது. செப்டம்பரில் வந்தது இன்றைய பிள்ளைகளுக்காகக் கணினி வரைகலையில் எடுத்தது. அதில் ஹீ-மேனின் சக்தி அவனோடு நிற்காமல் அவன் நண்பர்களுக்கும் பங்காகிறது. பழைய கதையைத் தலைகீழாக்கியது இரண்டாவதுதான். ஆனால் ரசிகர்களின் பெருங்கோபம் விழுந்தது முதல் தொடர்மேல். தொடக்கத்திலேயே ஹீ-மேன் இறந்து, டீலா என்ற வீராங்கனை கதையை எடுத்துக்கொண்டதுதான் காரணம். அவர்களுக்காகவே சமைத்த விருந்திலும் அவர்கள் கேட்ட ருசி இல்லை. பிள்ளைகளுக்காக எடுத்ததோ பெரியவர்களின் சண்டை எதிலும் பெரிதாகச் சிக்காமல் மூன்று பருவங்கள் ஓடியது.