திட்டம் முடிவடைவது எப்போது?

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

கட்டடம் எழும்பிக் கல்வெட்டுப் பதித்ததும் திட்டம் முடிந்தது என்பார் ஒரு சாரார். பயன் உரியவரைச் சென்றடைகின்றவரை அது முடியவில்லை என்பார் மறு சாரார். இவ்விரு பார்வைகளையும் அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் திருமூர்த்தி அணைக்குச் சென்றாலே போதும்.

மேற்கே ஓடிய ஆறுகளின் நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். தமிழக-கேரள ஒப்பந்தம் கையெழுத்தானது 1970 மே 29இல். ஆனால் அது 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என எழுதப்பட்டது. தாளில் கையொப்பம் விழுமுன்னரே அணைகள் எழுந்துவிட்டன! முப்பது ஆண்டுகளுக்கொருமுறை மறுஆய்வு செய்வதற்கும் அதில் இடம் வைத்தார்கள். எல்லாவற்றையும் தாமே முன்கூட்டி அறிந்துவிட்டதாக அவர்கள் எண்ணவில்லை. அந்தப் பணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆயினும் கட்டுவது ஒன்று, பங்கிடுவது வேறொன்று. திருமூர்த்தி அணையின் ஆயக்கட்டு ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒருசேர நீர் போதாது. ஆகவே நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்து விடுகின்றனர். ஒரு மண்டலத்தின் முறை கழிந்தால் மீண்டும் வர ஏறக்குறைய ஈராண்டுகள் ஆகும். ஆயக்கட்டு விரிந்தது; நீர் விரியவில்லை. ஆனைமலையாறு, நல்லாறு திட்டங்களோ இன்னும் நிறைவேறவில்லை.

ஈராண்டு காத்திருந்து முறை வந்தபின்னும், வாய்க்கால் தூர்ந்தோ, மேல்மடையில் கூடுதலாக எடுத்தோ, கடைமடைக்காரரின் வயலுக்கு நீர் எட்டவில்லை என்று வையுங்கள். அணையின் உயரத்தைச் சொல்லி அவரைத் தேற்ற இயலுமா? பொறியாளர் கணக்கில் திட்டம் முடிந்துவிட்டது. அவர் கணக்கில் தொடங்கவே இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பவே, விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000இல் தமிழகத்தில் இயற்றப்பட்டது. நீரைப் பயன்படுத்துவோரே சங்கம் அமைத்து, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்து, வாய்க்காலைப் பேணி, முறையைக் கண்காணிக்க அது வழிசெய்தது. சங்கம் கூடினால்தான் அச்சட்டத்திற்கு உயிர். கூடாவிடில் பெயர்ப்பலகை மட்டுமே மிஞ்சும்.

நம் நிலை என்ன? உளூச் செய்யுமிடத்தைச் செலவு செய்து புதுப்பித்தோம். திறப்பு விழாப் படமும் மலரில் வந்தது. சில மாதங்களில் மூன்று குழாய்கள் பழுதாயின. யார் சரிசெய்வது என்பது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனவே, இவ்வாண்டுத் திட்டப் பட்டியலில் மதிப்பீட்டுத் தொகைக்கு எதிரே, அதைப் பராமரிக்கப் பொறுப்பேற்பவர் பெயரையும் எழுதிய பின்னரே ஒப்புதலுக்கு வைக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குழாய்களுக்கு எதிரே என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.