மக்கும் தாளும் மங்காத கதைகளும்



1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் வெளிவந்த விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்றை இன்று கையில் எடுப்பவர், அதன் பக்கங்களைப் புரட்டவே அஞ்சுவார். மரக்கூழை அதிகம் சுத்திகரிக்காமல் மலிவாகச் செய்த தாளில் அவை அச்சிடப்பட்டன. அத்தாளுக்குள்ளேயே தங்கிவிட்ட அமிலம் ஆண்டுக்கு ஆண்டு அதை அரித்து, முதலில் மஞ்சளாகவும் பின்பு பழுப்பாகவும் மாற்றி, இறுதியில் விரல் பட்ட மாத்திரத்தில் ஓரம் உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்பத்திரிகைகளில் ஒரே ஒரு முறை அச்சேறி, பின்னர் எந்தப் புத்தகத்திலும் இடம் பெறாமல் நின்றுபோன கதைகளின் கதி என்னவாகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் கதியிலிருந்து நூற்றுக்கணக்கான கதைகளை மீட்ட பெருமை, ஊதியம் வாங்காமல் உழைக்கும் பாஸ்டன் நகரத்து வாசகர்கள் சிலரையே சாரும். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1926ஆம் ஆண்டில் ஹியூகோ ஜெர்ன்ஸ்பாக் ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது, வாசகர் கடிதங்களை அவற்றை எழுதியவர்களின் முகவரியோடு சேர்த்து வெளியிடும் வழக்கம் ஏற்பட்டது. சிறிய காரியந்தான், ஆனால் அதன் பலன் பெரிது. தம்மைப் போலவே கிரகங்களையும் விண்கலங்களையும் பற்றிக் கனவு காணும் இன்னொரு ஜீவன் பக்கத்துத் தெருவிலோ அடுத்த ஊரிலோ இருக்கிறது என்று அறிந்த இளைஞர்கள், முதலில் கடிதம் எழுதிக்கொண்டார்கள், பிறகு சந்தித்தார்கள், பிறகு சங்கம் கண்டார்கள். பாஸ்டனில் 1940இல் தோன்றிய ஒரு சிறு சங்கம், மறு ஆண்டிலேயே ‘போஸ்கோன்’ என்ற பெயரில் ஒரு மாநாட்டைக் கூட்டியது. இப்பெயர் ஈ. ஈ. ஸ்மித் என்பாருடைய விண்வெளிக் கதைகளில் வரும் பகைக் கூட்டத்தின் பெயர். ஊரின் பெயரும் அதற்குள் ஒலிக்கிறது என்பதால் ரசிகர்கள் உவகையோடு அதைச் சூடிக்கொண்டார்கள். யுத்தகாலத்து நெருக்கடியில் அம்முயற்சி மெலிந்து மறைந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1965இல், போஸ்கோன் மீண்டும் உயிர்பெற்றது. 1967இல் ‘நியூ இங்கிலாந்து விஞ்ஞானக் கதைச் சங்கம்’ அமைந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ‘நெஸ்ஃபா’ என்று சொல்வார்கள். பாஸ்டனை அடுத்த ஸாமர்வில்லில் அதற்குச் சொந்தக் கட்டடமும் நூலகமும் உண்டு.

இச்சங்கத்தார் முதலில் கதைகளைப் பதிப்பிக்கவில்லை, அட்டவணை போட்டார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாஸ்டனுக்கு எதிர்க்கரையிலுள்ள மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் 1949 முதலே தமக்கென ஒரு விஞ்ஞானக் கதைச் சங்கம் வைத்திருந்தார்கள். எந்தக் கதை, எவர் எழுதியது, எந்தப் பத்திரிகையின் எந்த இதழில் வந்தது என்பதற்கு அங்கே தொடங்கிய அட்டவணைப் பணியை, 1966ஆம் ஆண்டு இதழ்களிலிருந்து நெஸ்ஃபா ஏற்று நடத்தியது. கவர்ச்சி சிறிதும் இல்லாத வேலை அது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் எதையும் காப்பாற்ற முடியாதல்லவா?

பின்னர் போஸ்கோன் மாநாட்டுக்குச் சிறப்பு விருந்தினராக வரும் எழுத்தாளரின் சிறு படைப்புகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிடும் பழக்கம் வந்தது. 1972இல் ஸ்ப்ரேக் டி காம்ப்புக்காக அவ்வாறு ஒரு நூல் வந்தது. உண்மையான மகத்துவம் 1990களில் தொடங்குகிறது. கார்ட்வெய்னர் ஸ்மித் என்ற புனைபெயரில் எழுதிய பால் லைன்பார்கர், ஸன் யாட்-ஸென்னை ஞானத்தந்தையாகப் பெற்றவர், மனோதத்துவப் போர்முறையில் நிபுணர், 1966இல் காலமானவர். அவருடைய முதல் பெருங்கதை பல பத்திரிகைகளால் நிராகரிக்கப்பட்டு, 1950இல் அதிகம் பேர் அறியாத ஒரு சிற்றிதழில் வந்தது. அவருடைய சிறுகதைகள் யாவும் ஒரே நூலாக 1993இல் நெஸ்ஃபாவின் மூலம் வெளிவந்தன. முப்பத்து நான்காம் வயதில் மாரடைப்பால் மாண்ட ஸிரில் கார்ன்ப்ளூத், மர்ரே லைன்ஸ்டர், எரிக் ஃபிராங்க் ரஸ்ஸல், ஃபிரெட்ரிக் பிரவுன் என்று அந்த வரிசை நீண்டது. ரோஜர் ஸெலாஸ்னியின் கதைகளை ஆறு தொகுதிகளில் கண்டோம். வில்லியம் டென்னோ தம் கதைகள் இவ்வாறு தொகுக்கப்பட்டதை 2001இல் தம் முதுமையில் கண்ணாரக் கண்டு, 2004இல் பாஸ்டனில் கூடிய உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் சிறப்பு விருந்தினராக வீற்றிருக்கும் பாக்கியமும் பெற்றார்.

இந்நூல்கள் எவ்விதம் உருவாகின்றன என்று நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய இதழ்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். மறைந்த ஆசிரியரின் வாரிசுகளிடம் உரிமை பெற வேண்டும். பத்திரிகையில் வந்த பாடமும் பின்னால் வந்த பாடமும் மாறுபட்டால் எது ஆசிரியரின் விருப்பம் என்று ஆராய வேண்டும். பின்பு ஒருவர் பார்த்த மெய்ப்பை மற்றொருவர் பார்த்து, அச்சுப்பிழைகளைக் களைய வேண்டும். பகலில் வேறு உத்தியோகம் பார்ப்பவர்கள் மாலையிலும் விடுமுறை நாட்களிலும் இவ்வளவையும் செய்து, அமிலமற்ற தாளில், கெட்டி அட்டையோடு புத்தகத்தை வெளியிடுகிறார்கள். மக்கிப்போகும் தாளில் பிறந்த கதை மக்காத தாளில் மறுபிறவி எடுக்கிறது. லாபத்தையே கண்ணாகக் கொண்ட பெரிய பதிப்பகம் ஒன்று இத்தனை சிரமத்தையும் ஏற்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே இது ரசிகர்களின் கடமையாகிறது என்றே நான் நம்புகிறேன்.

பாஸ்டனுக்கே உரிய எழுத்தாளர் ஒருவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹால் கிளெமென்ட் என்ற பெயரில் எழுதிய ஹாரி ஸ்டப்ஸ், யுத்தத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிற்காலத்தில் பாஸ்டனை அடுத்த மில்டனில் பள்ளி ஆசிரியராக விஞ்ஞானம் போதித்தவர். 1953இல் தொடராக வந்த அவருடைய நாவலில், மெஸ்க்ளின் என்ற கிரகம் மிக விரைவாகச் சுழல்வதால் நடுவே பருத்துத் தட்டையாகி, நிலநடுக்கோட்டில் பூமியைப் போல் மூன்று மடங்கு ஈர்ப்பும், துருவத்தில் பல நூறு மடங்கு ஈர்ப்பும் உடையதாக அமைந்திருக்கும். தம் கணக்கில் பிழை இருந்தால் கண்டுபிடியுங்கள் என்று வாசகர்களை அவரே அழைத்தார். நான் மேலே சொன்ன மாணவர் சங்கத்தார் பின்னாளில் அதை ஒரு சவாலாகவே ஏற்றுக் கணக்கிட்டு, கிரகத்தின் வடிவத்தில் அவர் தவறியிருப்பதைக் காட்டினார்கள்; அவரும் அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். ஆசிரியனும் வாசகனும் சமமாக உட்கார்ந்து உண்மையைத் தேடும் இத்தகைய உறவு வேறு எந்த இலக்கிய வகையில் இவ்வளவு இயல்பாக அமைந்திருக்கிறது? 1999இலும் 2000த்திலுமாக அவருடைய எழுத்துக்களை மூன்று தொகுதிகளாக நெஸ்ஃபா வெளியிட்டபோது, பாஸ்டன் வாசகர்கள் தம் வீட்டுப் பெரியவருக்குச் சிறப்புச் செய்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இறுதியாக ஸென்னா ஹென்டர்ஸன். அரிஸோனா மாநிலத்தில் சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அந்த அம்மையார், யுத்தகாலத்தில் ஜப்பானிய வம்சத்தவரை அடைத்து வைத்த முகாமிலும் ஆசிரியையாக இருந்தவர். வேற்றுக் கிரகத்தில் தம் இல்லத்தை இழந்து பூமிக்கு வந்து, தம் அபூர்வ சக்திகளை மறைத்துக்கொண்டு மலைக் கிராமங்களில் வாழும் ஒரு ஜனக்கூட்டத்தின் கதைகளை, 1952 முதல் பரிவும் தனிமையும் ததும்ப அவர் எழுதிவந்தார். 1983இல் அவர் காலமானார். நெஸ்ஃபா 1995இல் அக்கதைகள் அனைத்தையும் ஒரே நூலாகக் கொண்டுவந்தது. அவர் எழுதி வைத்து, அதுவரை எங்கும் வெளிவராத கதை ஒன்றும் அந்நூலில்தான் முதன்முதலாக அச்சேறியது.