தோன்றா எழுவாய்



"வந்தேன்" என்று ஒருவன் சொன்னால், வந்தவன் யார் என்று நாம் கேட்பதில்லை. 'நான்' என்ற சொல் அங்கே இல்லை. ஆயினும் இருக்கிறது, வினையின் வாலிலே ஒட்டிக்கொண்டு. தோன்றா எழுவாய் என்று அதற்குப் பெயரிட்டது நம் இலக்கணம். மறைந்திருந்தாலும் தேடினால் கிடைக்கும் எழுவாய் அது. தேடத் தேடக் கிடைக்காத எழுவாய் ஒன்றும் உண்டு. அதைக் காண வேண்டுமா? ஏழை நாடுகளை வாழ்விக்கப் புறப்பட்ட பன்னாட்டு நிறுவனங்களின் அறிக்கைகளைப் புரட்டுங்கள்.

"செலவுப் பகிர்வு நடைமுறையாக்கம்." அங்கே வழங்கும் தொடர்களின் சாயல் இதுதான். யாருடைய செலவை யார் பகிர்ந்தார்? நடைமுறையாக்கியவர் எவர்? எவர் மடியிலிருந்து காசு போயிற்று? கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆனால் நாடகம் எழுதுகிறவன். பேசுபவன் யார், கேட்பவன் யார் என்று தெரியாத வசனத்தை மேடைக்கு அனுப்ப என்னால் முடியாது. ஆகவே, அந்தத் தொடருக்குள்ளே ஒளிந்திருப்போரைத் தேடிச் சென்றேன்.

கென்யாவிலே கிடைத்தார்கள்.

1987ஆம் ஆண்டு, வளரும் நாடுகளின் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டும் வழிகளைக் குறித்து உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசு மருத்துவமனைக்கு வருவோரிடம் கட்டணம் பெறுக என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. 1989 டிசம்பரில் கென்ய அரசு கட்டணம் விதித்தது. சூட்டிய பெயர், செலவுப் பகிர்வு. பகிர்வு! எத்துணை இனிய சொல்! அண்ணனும் தம்பியும் ஒரே இலையில் அமர்ந்து உண்பதுபோல் இல்லையா? ஆனால் நைரோபியில், பால்வினை நோய்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஒரு நிலையத்தின் வாயிலிலே என்ன நடந்தது? கட்டணம் இருந்த ஒன்பது மாதங்களில், வந்த ஆண்களின் எண்ணிக்கை முன்பிருந்ததில் 40 விழுக்காடாகச் சரிந்தது; பெண்களின் எண்ணிக்கை 65 விழுக்காடாக. 1992இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கு இது. எச்.ஐ.வி. பரவிக்கொண்டிருந்த காலம் தோழர்களே, அது! மற்றப் பால்வினை நோய்களுக்கு மருந்துண்ணாதவரை அக்கிருமி எளிதில் பற்றும்; அவரிடமிருந்து எளிதில் பிறருக்கும் தாவும்.

1990இல் புறநோயாளர் கட்டணத்தை நிறுத்தியது அரசு. பின்னர் படிப்படியாக மீண்டும் கொண்டுவந்தது. சிற்றூர் மருந்தகங்களிலும் நலவாழ்வு நிலையங்களிலும் அதை ஒழிக்க 2013 ஆயிற்று.

"காசில்லாத நோயாளி மருந்தில்லாமல் வீடு திரும்புவான்" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால், கையொப்பமிட்ட கை சற்றே கூசியிருக்காதா? கூசாமலும் இருந்திருக்கலாம், அதிகாரக் கைகளை நாம் அறியாதவர்களா! ஆனால் வரிசையிலே நின்றவன், தன்னைத் திருப்பி அனுப்பியது யார் என்று தெரிந்துகொண்டிருப்பான். கேள்வி கேட்க ஒரு முகவரியாவது கிடைத்திருக்கும்.

இந்த மூடுமொழி வளர்ந்த வரலாற்றை எண்ணிக் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள். பிராங்கோ மொரெட்டி, டொமினிக் பெஸ்த்ர் என்ற இருவர், 1946 முதல் 2012 வரை வந்த உலக வங்கியின் ஆண்டறிக்கைகளை அலசி 2015இல் வெளியிட்டனர். தொடக்கத்திலே இருப்புப்பாதை, துறைமுகம், அணை என்று கண்ணால் காணும் பொருள்களைப் பேசிய ஏடு, பிற்காலத்தில் ஆளுகை, கூட்டாண்மை, ஒருங்கிணைப்பு என்று ஆவியாகிப் போனதைக் காட்டினர். ஆங்கிலத்தில் 'அண்ட்' என்ற இணைப்புச் சொல் 100 சொற்களுக்கு 2.6 என்ற அளவில் இருந்தது, ஏறத்தாழ 7 வரை உயர்ந்துவிட்டதாம்! நம் மொழியின் எண்ணும்மைதான் அது. உழவும் உடல்நலமும் பங்கேற்பும் பொறுப்புடைமையும் என்று 'உம்' போட்டு அடுக்கினால், எதையும் விட்டுவிட்டதாக யாரும் குறைகூற முடியாது. எதைச் செய்தார்கள் என்று யாரும் கேட்கவும் முடியாது.

அவ்வங்கியின் தலைமைப் பொருளியலறிஞராக வந்த பால் ரோமர், 'அண்ட்' 2.6 விழுக்காட்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் வரும் வளர்ச்சி அறிக்கைக்கு ஒப்புதல் தரமாட்டேன் என்றார். என்ன ஆயிற்று? 2017 மே மாதம், ஆய்வுப் பிரிவை நிருவகிக்கும் பொறுப்பு அவரிடமிருந்து பறிபோன செய்தி வெளிவந்தது. 2018 ஜனவரியில் பதவியை விட்டார். அதே ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது என்பது வேறு கதை.

படிக்கிறார்களா இவற்றை? வங்கியே 2014இல் கணக்குப் பார்த்தது. 2008 முதல் 2012 வரை வந்த 1,611 கொள்கை அறிக்கைகளில், 31 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றை ஒருவர்கூட இணையத்திலிருந்து பதிவிறக்கம் செய்யவில்லை!

கலைச்சொல்லே கூடாது என்பவனல்ல நான். மருந்தின் பெயரை மருத்துவன் துல்லியமாகச் சொல்லத்தான் வேண்டும். தாயிடம் சொல்லும்போது எப்படிச் சொல்வது? அதற்கு வங்கதேசம் செல்லுங்கள்.

வயிற்றுப்போக்கால் குழந்தைகள் மடிந்த நாடு அது. 1980 முதல் பத்தாண்டுகள், பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள்! 'வாய்வழி நீரேற்றக் கரைசல்' என்றா சொன்னார்கள்? இல்லை. லொபொன்-குர் என்றார்கள், உப்பும் வெல்லமும் என்று பொருள். மூன்று விரலால் அள்ளிய சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைசேர் தண்ணீர். அளவுகோல் தாயின் கையிலேயே இருந்தது.

அப்படியும் ஓர் இடறல். கற்ற தாய்மார் பலர் அதைக் கொடுக்கவில்லை. ஏனென்று விசாரித்தார்கள். 'டயரியா' என்று ஊழியர் சொன்னபோது, நீராய்ப் பீறிடும் கடும்போக்கை மட்டுமே அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். ஊர்மக்களிடம் வயிற்றுப்போக்குக்கு நான்கு வகையும் நான்கு பெயர்களும் இருந்தன! அதன்பின் அந்த நான்கு பெயர்களையும் சொல்லியே கற்பித்தனர்.

ஊழியருக்குக் கூலி எப்படித் தெரியுமா? சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று, அந்தத் தாய்மாரில் சிலரைக் கேட்பார். கற்றுத்தந்த குறிப்புகளில் எத்தனையைத் தாய் நினைவிலிருந்து சொல்கிறாளோ, அதற்கேற்பக் கற்றுத்தந்தவளுக்குக் கூலி. தாய்க்குப் புரியவில்லையென்றால் ஊழியருக்குக் காசு குறையும்.

அந்த 1,611 அறிக்கைகளை எழுதியவர்களுக்கும் இந்தக் கணக்கிலேதான் சம்பளம் என்று வைத்திருந்தால், எத்தனை பேர் வீட்டிலே அடுப்பு எரிந்திருக்கும், தோழர்களே?